ஓர் அடி ஆழத்தில் குழாய், மேலே மணல் டிப்பர்

தலவாக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். லயத்தை விட்டு 7 பேர்ச்சஸ் காணியில் கட்டிய புதிய வீட்டுக்கு அவருடைய குடும்பம் வந்து இரண்டு வருடமாகிறது. வீடு பாதைக்கு மேலே, மலக்குழி பாதைக்குக் கீழே. மலசலகூடத்து நாலு அங்குலக் குழாய் மண் பாதையைக் குறுக்கறுத்து ஓர் அடி ஆழத்தில் போகிறது. இப்போது பக்கத்து வீட்டுக்காரர் வீடு கட்டத் தொடங்கியிருக்கிறார். மணலும் மெட்டலும் (உடைத்த கருங்கல்) ஏற்றிய டிப்பர் அந்தப் பாதையால்தான் வர வேண்டும். "பிளாஸ்டிக் குழாய் தாங்குமா? மேலே கொஞ்சம் கொங்கிரீட் போட்டுவிட்டால் போதுமா?" என்பது கேள்வி.

தம்பி, இப்போதுள்ள நிலையில் அது தாங்காது. குழாயின் முதுகில் கொங்கிரீட்டைக் கொட்டினாலும் தாங்காது. சில இடங்களில் அது முன்பைவிட மோசமாக்கும். ஆனால் இரண்டு நாள் வேலையில் சரிசெய்யக்கூடிய விஷயம் இது; கொங்கிரீட் இறுக மட்டும் அதற்குமேல் இரண்டு வாரமாவது வேண்டும். டிப்பர் வருவதற்கு முன் அந்த நாட்களை எப்படியாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் பாரத்தைப் பார்ப்போம். மணலை நாம் கியூப் கணக்கில் வாங்குகிறோம். ஒரு கியூப் என்பது 100 கன அடி. காய்ந்த மணலே ஏறத்தாழ நாலரைத் தொன் வரும்; நனைந்திருந்தால் இன்னும் கூடும். இரண்டு கியூப் ஏற்றிய டிப்பர் தன் சொந்த எடையோடு 15 தொன் அளவுக்குப் போய்விடும். அதில் மூன்றில் இரண்டு பங்கு பின் அச்சில் இருக்கும். ஆகவே பின்புறத்து இரட்டைச் சக்கரம் ஒரு பக்கத்தில் மட்டும் 5 தொன்னை நிலத்தில் இறக்குகிறது. அந்தச் சக்கரம் நிலத்தைத் தொடும் இடம் ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளமும் 50 சென்ரிமீற்றர் அகலமும்தான். சதுர சென்ரிமீற்றருக்கு 4 கிலோ என்று கணக்கு வரும்.

மண்ணுக்குள் இறங்க இறங்க இந்தப் பாரம் விரிந்து பரவும். ஓர் அடி ஆழத்தில் சதுர சென்ரிமீற்றருக்கு 1.1 கிலோ, இரண்டு அடியில் அரைக் கிலோ, மூன்று அடியில் 300 கிராம். மூன்று அடிக்குப் பிறகு லொறியைப் பற்றிய கவலை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. மேலே நோக்கி வந்தால் நிலைமை தலைகீழ்: அரை அடியில் ஏறத்தாழ 2 கிலோ. மழை பாதையை அரித்து, ஓர் அடி மூடியிருந்த மண்ணில் பாதியைக் கொண்டுபோய்விட்டால், நீங்கள் எதுவுமே செய்யாமல் குழாயின் மேல் பாரம் ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். மலைப்பாதையில் இது ஒவ்வொரு மழைக்காலமும் நடக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் ஓர் அடியில் போட்டது இன்றும் ஓர் அடியில்தான் இருக்கிறது என்று நம்பிவிடாமல், ஓர் இடத்தில் மெதுவாகக் கிளறி அளந்து பாருங்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கொங்கிரீட்டில் செய்த ஹியூம் குழாய் தன் பலத்தால் பாரத்தைத் தாங்கும். பிளாஸ்டிக் குழாய் அப்படித் தாங்குவதில்லை. மேலிருந்து அழுத்தினால் அது வளைந்து கொடுத்து, பக்கவாட்டில் பிதுங்கி, முட்டை வடிவத்துக்குப் போகும். கொழுந்துக் கூடையைப் படுக்க வைத்து ஏறி அமர்ந்தால் எப்படிச் சப்பையாகும் என்று தெரியும் அல்லவா? அதே கூடைக்கு இரண்டு பக்கமும் கல்லை முட்டுக் கொடுத்தால் பிதுங்க இடமில்லை, ஆகவே சப்பையாகவும் முடியாது. மண்ணுக்குள் இருக்கும் குழாய்க்கு அந்த முட்டு, பக்கத்தில் இருக்கும் மண். தாங்குவது அந்த மண்தான். குழாய் தண்ணீர் போவதற்கு வழியைத் திறந்து வைத்திருக்கிறது, அவ்வளவே.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவின் அயோவாவில் வயல்களின் வடிகான் குழாய்கள் மண்ணுக்குள்ளேயே உடைந்துகொண்டிருந்த காலத்தில், அன்சன் மார்ஸ்டன் என்ற பொறியியலாளர் ஏன் என்று ஆராய்ந்து 1913இல் அதற்கான கணக்கை வெளியிட்டார். அவருடைய வழியில் வந்த மெர்லின் ஸ்பாங்லர், வளைந்து கொடுக்கும் குழாய்களுக்கு உரிய கணக்கை 1941இல் தந்தார். இன்றும் உலகம் முழுவதும் பொறியியலாளர்கள் அதைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறார்கள். விவசாய நிலத்து வடிகானில் தொடங்கிய அறிவு, நம் தோட்டத்துப் பாதைக்கும் அப்படியே பொருந்துகிறது.

உங்கள் குழாயை அந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். நடுத்தரத் தரமுள்ள குழாய், ஓர் அடி ஆழம், மேலே சொன்ன 5 தொன் சக்கரம். பக்கத்தில் மண்ணை வெறுமனே தள்ளி மூடியிருந்தால் குழாய் தன் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நசுங்கும். வழக்கமாக ஏற்றுக்கொள்ளும் எல்லை 5 சதவீதம். அதே குழாய்க்கு, அதே லொறிக்கு, பக்கத்தில் சிறு மெட்டலை இட்டு நன்றாக இறுக்கியிருந்தால் 1 சதவீதம்கூட நசுங்காது. அந்த நல்ல நிலையில் குழாயின் சொந்தப் பலம் மொத்தத் தாங்குதிறனில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்குதான். மேலோட்டமான ஆழத்துக்கு இந்தக் கணக்கு அச்சொட்டாகப் பொருந்தாது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பார்க்கத்தான் போட்டேன். "தடித்த குழாய் வாங்கிப் போட்டுவிட்டேன், இனிப் பயமில்லை" என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பக்கத்தில் எதைப் போட்டீர்கள்?

குழாயின் தடிப்பு வேண்டியதில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. சுவரின் தடிப்பு பாதியானால் அதன் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். பாதைக்குக் கீழே கூரைத் தண்ணீர்க் குழாயைப் போடுவது பெரிய தவறு. வாகனம் ஓடும் இடத்தில் 110 மில்லிமீற்றர் குழாய்க்கு 3.2 மில்லிமீற்றர் தடிப்பாவது இருக்க வேண்டும். கடைக்காரர் சொல்வதைக் கேட்டுத் திருப்திப்படாமல் முனையில் அளவுகோலை வைத்துப் பாருங்கள்.

மலைநாட்டில் இதோடு வேறு சிலவும் சேர்ந்துகொள்கின்றன. மாசி, பங்குனியில் மண் காய்ந்து கல்லாக இருக்கும்போது லொறி போய்வந்ததைப் பார்த்து, "ஒன்றும் ஆகவில்லையே" என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். அந்த மண்ணே மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கி ஊறிய பிறகு பாதிப் பலத்தைக்கூடக் காட்டாது. வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றர் வரை மழை பெய்கிற நாடு இது. காய்ந்த மண்ணில் தாங்கியது ஈர மண்ணுக்குச் சாட்சி ஆகாது.

பிறகு கல். நம் மண்ணில் மண்வெட்டி போடும் இடமெல்லாம் கல் இருக்கிறது. தோண்டிய மண்ணை அப்படியே திருப்பித் தள்ளும்போது, கைப்பிடி அளவுக் கல் ஒன்று குழாயின் முதுகில் உட்கார்ந்துவிட்டால் போதும். பாரம் முழுவதும் அந்த ஒரு புள்ளியில் இறங்கி, குழாய் நசுங்காமலே விரிசல் விடும். குழாயைச் சுற்றி நாலு விரல் தடிப்புக்காவது சலித்த மண்ணோ மணலோ சிறு மெட்டலோ இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

இன்னொன்று, வீட்டு நிலம் எப்படி உருவானது என்பது. பெக்கோ இயந்திரம் மேல்பக்கச் சரிவை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளிச் சமப்படுத்துகிறது. பாதி நிலம் பிறந்த மண், பாதி நிலம் கொட்டிய மண். கொட்டிய மண் வருடக்கணக்காக இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டும் சந்திக்கும் கோட்டைக் குழாய் கடக்கும் இடத்தில், ஒரு பக்கம் இறங்க மறுபக்கம் நிற்க, பசை போட்டு ஒட்டிய மூட்டு பிளந்துவிடும். பெரும்பாலும் அந்தக் கோடு பாதையின் கீழ் விளிம்பில்தான் வருகிறது. அந்த இடத்தில் பசைக்குப் பதிலாக ரப்பர் வளையம் போட்ட மூட்டு வைத்தால், மூட்டு கொஞ்சம் அசைந்து கொடுக்கும்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போகும் பாதைக்குக் கீழே இரண்டு வீடுகளின் கழிவுநீர்க் குழாய் போயிருந்தது. கொழுந்து லொறி தினமும் அதன் மேல் போகும். நான் வேறு வேலைக்காக அங்கே போனவன், பாதையில் ஒரு குழிவைப் பார்த்தேன். குழாய் நசுங்கியிருக்கலாம் என்று மனதில் பட்டது. வீட்டுக்காரரிடம் கேட்டேன். "அடைப்பே வந்ததில்லை ஐயா, தண்ணீர் நன்றாகப் போகிறது" என்றார். அத்தோடு விட்டுவிட்டேன்.

உண்மையில் அடைப்பு வராததுதான் அங்கே கெட்ட அறிகுறி. சமநிலத்தில் குழாய் உடைந்தால் தண்ணீர் தேங்கி, மலசலகூடம் நிரம்பி, ஒரு வாரத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். சரிவில் உடைந்தால் தண்ணீர் விரிசல் வழியாக மண்ணுக்குள் இறங்கிக் கீழே போய்விடும். மேலே இருப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். அந்த இரண்டு வீட்டுத் தண்ணீரும் மாதக்கணக்காகக் கரைக்குள் போயிருக்கிறது. ஆனி மாதத்து இரவு ஒன்றில் கரை சரிந்து, கீழ் வீட்டுச் சமையலறைச் சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. பிள்ளைகள் முன்னறையில் படுத்திருந்ததால் உயிர் தப்பினார்கள். மறுநாள் தோண்டியபோது குழாய் சப்பையாகி, இரண்டு பக்கமும் நீளத்துக்குப் பிளந்திருந்தது. அன்று நான் அரை மணி நேரம் நின்று அந்தக் குழியைத் தோண்டச் சொல்லியிருக்க வேண்டும். அதை நான் மறக்கவில்லை.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனதற்கும் குழாய்க்கும் தொடர்பில்லை. ஆனால் மலை மண்ணுக்குள் தண்ணீர் இறங்கினால் என்ன நடக்கும் என்பதை நம் மக்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. வானத்துத் தண்ணீரை நாம் தடுக்க முடியாது. நம் வீட்டுத் தண்ணீரையாவது சரிவுக்குள் விடாமல் இருக்கலாம்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். மூன்று அடி ஆழத்துக்கு இறக்குவதுதான் நல்ல வழி. ஆனால் உங்கள் மலக்குழி ஏற்கனவே கட்டியாகிவிட்டது. குழாய் உள்ளே நுழையும் மட்டத்தை மாற்ற முடியாது. ஆகவே அது உங்களுக்கு உதவாது. இனிக் கட்டப்போகிற பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். அவர் இப்போதே ஆழமாகப் போட்டுக்கொள்ளட்டும்.

உங்களுக்கு நான் சொல்வது, பாதையின் அகலம் முழுவதும் தோண்டி, குழாயைப் பார்த்து, புதிய தடித்த குழாயை மாற்றி, மேலே ஒரு கொங்கிரீட் பலகை போடுவது. குழியின் அகலம் ஒன்றரை அடி என்றால் பலகையின் அகலம் மூன்றரை அடி இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒவ்வோர் அடி, தோண்டாத கெட்டி மண்ணின் மேல் உட்கார வேண்டும். அப்போதுதான் லொறியின் பாரம் குழாயைத் தாண்டி இரண்டு பக்கத்து நிலத்துக்கும் போகும். தடிப்பு ஆறு அங்குலம். அடிப்பக்கத்தில் 12 மில்லிமீற்றர் கம்பி, ஆறு அங்குல இடைவெளியில், குழிக்குக் குறுக்காக; அதன் மேல் நீளவாட்டில் 10 மில்லிமீற்றர் கம்பி. கலவை சீமெந்து ஒன்றுக்கு மணல் ஒன்றரை, மெட்டல் மூன்று. பலகைக்கும் குழாய்க்கும் இடையில் மூன்று அங்குலம் மணல் இருக்கட்டும். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது.

நீங்கள் கேட்ட "மேலே கொஞ்சம் கொங்கிரீட்" எங்கே தவறுகிறது என்பது இப்போது புரிந்திருக்கும். குழியின் அகலத்துக்கு மட்டும், கம்பி இல்லாமல், குழாயின் முதுகிலேயே ஊற்றிய கொங்கிரீட் இரண்டு பக்கமும் பிடிமானம் இல்லாமல் தளர்ந்த மண்ணில் கிடக்கும். லொறி ஏறியவுடன் உடைந்து, அதன் கூர் விளிம்பு குழாய்க்குள் இறங்கும். குழாயைச் சுற்றி முழுவதுமாக ஆறு அங்குலக் கொங்கிரீட்டில் பொதிந்துவிடுவதும் ஒரு வழிதான். ஆனால் கொங்கிரீட் முடியும் இரண்டு முனையிலும் குழாய் ஒடியாமல் இருக்க, அங்கே ரப்பர் வளைய மூட்டு வைக்கத் தெரிந்த பாஸ் (மேசன்) வேண்டும். ஆழம் இடம் கொடுத்தால் ஒன்பது அங்குல ஹியூம் குழாயைப் பதித்து, அதற்குள் பிளாஸ்டிக் குழாயைச் செருகலாம். பின்னால் பழுதானால் பாதையைத் தோண்டாமல் உருவி எடுக்கவும் முடியும்.

பலகையைவிட அதிகக் கவனம் வேண்டியது அதற்குக் கீழே. குழியின் அடியைக் கல் இல்லாமல் சமப்படுத்தி, நாலு அங்குலம் சிறு மெட்டல் இட்டு, அதில் குழாயைப் படுக்க வையுங்கள். குழாயின் வயிற்றுக்குக் கீழே, இரண்டு ஓரத்திலும், கையால் தள்ளித் தள்ளி நிரப்ப வேண்டும். அந்த இடத்தில்தான் எல்லாரும் வெற்றிடம் விட்டுவிடுகிறார்கள். பிறகு ஆறு அங்குலத்துக்கு ஒரு தடவை, இரண்டு பக்கமும் சம உயரத்தில் நிரப்பி, திமிசுக் கட்டையால் இறுக்குங்கள். ஒரு பக்கத்தை மட்டும் நிரப்பி இறுக்கினால் குழாய் நகர்ந்துவிடும். குழாயின் நேர் மேலே ஓர் அடி மூடும்வரை அதிர்வு இயந்திரம் எதையும் ஓட விடாதீர்கள். லொறி வருவதற்கு முன் அதுவே உடைத்துவிடும்.

சரிவில் ஓடும் குழிக்கு இன்னொரு வேலை உண்டு. மெட்டல் போட்ட குழி தானே ஒரு வடிகானாகிவிடும். மழைத்தண்ணீர் குழாய்க்கு வெளியே, மெட்டலுக்குள் ஓடி, குழி முடியும் இடத்தில் கரையைக் குடையும். பாதையின் கீழ் விளிம்பில் ஒன்றும், அதற்குக் கீழே சரிவில் பதினைந்து அடிக்கு ஒன்றுமாக, குழியின் முழு அகலத்துக்கும் களிமண்ணாலோ சீமெந்து குறைத்த கொங்கிரீட்டாலோ குறுக்குத் தடுப்பு வையுங்கள். குழியின் பக்கங்களுக்குள்ளும் அது கொஞ்சம் புகுந்திருக்க வேண்டும்.

பலகை போட்ட பிறகு ஏழு நாள் ஈரச் சாக்குப் போட்டு நனைத்துக்கொண்டே இருங்கள். 28 நாள் கழித்து லொறி போவது சிறப்பு. முடியாவிட்டால் இரண்டு வாரத்துக்குக் குறையவே கூடாது. அதற்குள் பக்கத்து வீட்டு வேலை நிற்க முடியாது என்றால், மணலைப் பெரிய பாதையில் கொட்டி, லேண்ட்மாஸ்டரில் (இரண்டு சக்கரச் சிறு டிரக்டர்) கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவரலாம். ஆனால் அதையும் குழாயின் மேல் விடாமல், தடித்த இரும்புத் தகட்டைக் குழியின் இரண்டு பக்கத்துக் கெட்டி நிலத்திலும் படும்படி போட்டு அதன் மேல் விடுங்கள்.

மூடுவதற்கு முன்னும், பத்து லொறி போன பின்னும் ஒரு சோதனை செய்யுங்கள். குழாயின் உள்விட்டத்தை அளந்து, அதில் 95 சதவீத அளவுக்கு ஒரு மர வட்டம் வெட்டுங்கள். 3.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள 110 மில்லிமீற்றர் குழாய்க்கு அது 98 மில்லிமீற்றர் வரும். இரண்டு பக்கமும் கயிறு கட்டி, குழாய்க்குள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுங்கள். தடையில்லாமல் போனால் குழாய் எல்லைக்குள் இருக்கிறது. சிக்கினால் எந்தத் தூரத்தில் சிக்கியது என்று கயிற்றில் அளந்து, அந்த இடத்தைத் தோண்டுங்கள். பாதையின் மேல்பக்கத்தில் மூடி போட்ட ஒரு சிறு பார்வைக் குழி கட்டிவிட்டால் இந்தச் சோதனை எப்போதும் எளிது.

மழைத் தண்ணீரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கூரைத் தண்ணீரையும் முற்றத்துத் தண்ணீரையும் பாதைக்குக் கீழே குழாயில் அனுப்பாதீர்கள். தேயிலை மலையில் நம் பாட்டன்மார் வெட்டிய கான்கள் எல்லாம் திறந்தவை. இலை விழுந்தாலும், மண் சேர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியும். மண்வெட்டியோடு ஒருவர் போனால் போதும். பாதையைக் கடக்கும் இடத்தில் மட்டும் கருங்கல்லில் கட்டி, தூக்கக்கூடிய கொங்கிரீட் மூடி போட்ட கான் வையுங்கள். மலசலகூடத்துத் தண்ணீரை மட்டும் ஒருபோதும் திறந்து விடக்கூடாது.

பாதையைத் தோண்டுவதற்கு முன் அது யாருடையது என்று பாருங்கள். பெரிய வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை, இல்லாவிட்டால் மாகாண சபை, பிரதேச சபை அல்லது தோட்ட நிர்வாகம். 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு தோட்டக் குடியிருப்புகளுக்குள்ளும் பிரதேச சபை வேலை செய்ய வழி இருக்கிறது. பல வீட்டுக் குழாய்கள் கடக்கும் பாதை என்றால் எல்லாரும் சேர்ந்து ஒரு கடிதம் கொடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரோடு மனஸ்தாபம் வேண்டாம். உங்கள் வீட்டுக்கு மணல் வந்ததும் அதே பாதையால்தான். செலவில் பாதியை அவர் ஏற்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். அவருடைய குழாயும் நாளை அதே பாதையைத்தான் கடக்கப்போகிறது, ஒரே பலகைக்குக் கீழே இரண்டையும் போட்டுவிடலாம். மூடிய பிறகு, வீட்டு மூலையிலிருந்து குழாய் எத்தனை அடி தள்ளிப் போகிறது, எவ்வளவு ஆழம் என்று அளந்து, மலசலகூடத்து வெளிச்சுவரில் பெயின்ற்றால் எழுதிவையுங்கள். அடுத்த தடவை பெக்கோ வரும்போது நீங்கள் வீட்டில் இல்லாமல் இருக்கலாம்.